மூட்டைக்குள் சூடு

விதைநெல்லை ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, ஈரச்சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போர்த்திக் கல்லைப் பாரம் வைத்துவிட்டால், மறுநாள் விடிகாலையில் யாராவது ஒருவர் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாக வேண்டும். உத்திரமேரூர்ப் பக்கத்தில் சொர்ணவாரிக்கும் நவரைக்கும் நாற்று விடுகிற வீடுகளில் இது வழக்கம். கை பொறுக்கிற வெதுவெதுப்பு இருந்தால் நல்லது. அதைத் தாண்டிவிட்டால் மூட்டையைப் பிரித்துப் புரட்டிவிட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். "அப்படியே உட்டா உள்ளேயே வெந்துடும் தம்பி. அப்புறம் எத்தக் கொண்டுபோயி நாத்தங்கால்ல தெளிக்கிறது?" என்று கேட்டார் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்.

பக்கத்தில் அடுப்பு இல்லை, வெயிலும் படவில்லை. முந்தாநாள் வரை கோணியில் சில்லென்று கிடந்த நெல் அது. தண்ணீர் பட்டதும் எங்கிருந்தோ சூடு வந்துவிட்டது. உயிரியல் பாடப்புத்தகம் இதற்கு 'சுவாசம்' என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அந்தச் சொல்லுக்குள் நூற்றுக்கணக்கான நொதிகள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று எப்படி ஒத்துப்போகின்றன, யார் சொல்லி நடக்கின்றன என்கிற கேள்விக்கு ஒரு பதில் கிடைக்க விஞ்ஞானத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேல் பிடித்தது. வந்த பதிலும் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

காய்ந்த விதைநெல்லில் 13 சதவீதம் அளவுக்கே ஈரம் உண்டு. அந்த ஈரத்தில் எதுவும் எதையும் தேடிப் போய்ச் சேர முடியாது. உமியை உரித்து அரிசியைக் கவனித்துப் பார்த்தால் ஒரு முனையில் ஓரமாக ஒரு சின்னப் புள்ளி ஒட்டியிருக்கும். அதுதான் கரு. அரிசியின் மற்ற பெரும்பகுதி அந்தக் கருவுக்காகச் சேர்த்து வைத்த மாவு. மாவு நிறைந்த செல்கள் நெல் முற்றும்போதே செத்துப்போனவை. அவற்றைச் சுற்றித் தவிட்டோடு தவிடாகப் போகிற மெல்லிய அலூரோன் அடுக்கு ஒன்று மட்டும் உயிரோடு இருக்கிறது. ஆக, சாப்பிட வேண்டிய கரு ஒரு மூலையில், சாப்பாடு நடுவில், சமைக்க வேண்டியவர்கள் சுற்றுச்சுவரில். தண்ணீர் உள்ளே போனதும் கருவிலிருந்து ஒரு சேதி சுவருக்குப் போகிறது. அதைக் கொண்டுபோகும் பொருளின் பெயர் ஜிப்பரெல்லின்.

அந்தப் பொருள் உலகத்துக்குத் தெரியவந்ததும் நெற்கழனியில்தான். நாற்று மட்டும் அளவுக்கு மீறி வெளுத்து ஒல்லியாக உயர்ந்து, பிறகு சாய்ந்து செத்துப்போகிற நோய் ஒன்று உண்டு. 1926இல் தைவானில் வேலை பார்த்த ஜப்பானிய ஆய்வாளர் குரோசாவா, அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சையை வளர்த்த நீரை மட்டும் வடிகட்டி நாற்றுக்கு ஊற்றினார். பூஞ்சை இல்லாமலே நாற்று அதேபோல் நீண்டது. பயிர் தனக்குள் அளந்து அனுப்பிக்கொள்கிற அதே சேதியைப் பூஞ்சை கூடை கூடையாகக் கொட்டியிருந்தது. 1960இல் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பேலெக்கும் தனித்தனியாக வாற்கோதுமையில் ஒரு காரியம் செய்தார்கள். கருவை நீக்கிவிட்டு, மீதி மணிக்கு ஜிப்பரெல்லினைக் கொடுத்தார்கள். கரு இல்லாத அந்த நெல்மணியளவுத் துண்டு, முளைக்கப் போவது போலவே தன் மாவைக் கரைக்கத் தொடங்கிவிட்டது.

இந்தக் கரைதலை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்துத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, அதில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால் கருநீலம். இன்னொரு டம்ளர் கஞ்சியில், முளைவிட்ட நெல்லை அம்மியில் நசுக்கிப் பிழிந்த சாற்றைக் கலந்து வெதுவெதுப்பாக வைத்துவிட்டு, அவ்வப்போது ஒரு கரண்டி எடுத்து அயோடின் விட்டுப் பாருங்கள். முதலில் நீலம், பிறகு ஊதா, பிறகு செம்பழுப்பு. கடைசியில் கஞ்சிக்கு நிறமே மாறாது, அயோடினின் சொந்த மஞ்சள் மட்டும் தெரியும். சாற்றைக் கொதிக்கவிட்டு ஊற்றினால் எத்தனை நேரமானாலும் நீலம் நீலம்தான். பெரியவர் 'வெந்துடும்' என்று சொன்னதும் இதைத்தான்.

சோதனை எதுவும் செய்யாமலே நம் பாட்டிகளுக்கு இது தெரியும். கைக்குழந்தைக்கு முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சுவார்கள். சாதா மாவில் அதே அளவு போட்டால் களியாக இறுகும். முளைகட்டிய மாவில் கஞ்சி நீர்க்க இருக்கும், குழந்தை மடக் மடக்கென்று குடித்துவிடும். நீர்க்க இருந்தாலும் உள்ளே போகிற சத்து கெட்டிக் கஞ்சிக்குச் சமம். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் இதைப் பரிசோதித்து எழுதியிருக்கிறார்கள். கடையில் விற்கும் டப்பா மாவுக்காரர்கள் இந்தப் பகுதியை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டார்களோ என்னவோ.

சரி, மாவை யார் கரைக்கிறார்கள்? 1833இல் பாரிஸில் பேயனும் பெர்சோவும் முளைத்த வாற்கோதுமையிலிருந்து ஒரு வெள்ளைப் பொடியைப் பிரித்தெடுத்து அதற்கு 'டயஸ்டேஸ்' என்று பெயர் வைத்தார்கள். தனியாகப் பிரித்தெடுத்த முதல் நொதி என்று வரலாற்றில் எழுதுவது அதைத்தான். ஆனால் அந்தப் பொடி ஒற்றை ஆள் இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. அதில் கிளைகளும் உண்டு. ஆல்ஃபா அமைலேஸ் என்னும் நொதி சங்கிலியின் நடுவில் கண்ட இடத்தில் வெட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் புதிதாக ஒரு முனை பிறக்கும். பீட்டா அமைலேஸுக்கு நடுவில் வேலையே கிடையாது. அது ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு குளுக்கோஸாக, அதாவது மால்ட்டோஸாக, கிள்ளிக்கொண்டே போகும். கிளை வந்தால் நின்றுவிடும். கிளையுள்ள மாவுச்சத்தை பீட்டா அமைலேஸிடம் மட்டும் ஒப்படைத்தால் பாதிக்குச் சற்று மேலே போனதும் வேலை முடங்கும். கிளைக் கணுவை மட்டுமே அறுக்கத் தெரிந்த மூன்றாவது நொதி வந்தால்தான் மேலே நடக்கும். மிஞ்சும் மால்ட்டோஸை இரண்டாகப் பிளப்பது நான்காவதன் வேலை. முதலாமவர் வெட்ட வெட்டத்தான் இரண்டாமவருக்குப் பிடிக்க முனை கிடைக்கும். மூன்றாமவர் இல்லாவிட்டால் முதல் இருவரின் உழைப்பும் பாதியில் நிற்கும். நான்கையும் தனித்தனியாக வேலைசெய்யவிட்டுக் கிடைத்ததைக் கூட்டினால், நான்கும் சேர்ந்து செய்ததில் வெகு குறைவே வரும்.

இத்தனைக்கும் இவற்றில் எதற்கும் அடுத்ததைத் தெரியாது. பார்வை இல்லை, பேச்சு இல்லை. ஒவ்வொன்றும் ஒரு புரதம், மடிந்து சுருண்ட ஒரு வடிவம். அந்த மடிப்பில் எது சாத்தியம், எது சாத்தியமில்லை என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரன் தம் தோழர்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வரைந்து காட்டிய படத்தை இன்றைக்கும் உலகெங்கும் புரதம் ஆராய்கிறவர்கள் புரட்டாமல் இருப்பதில்லை. வடிவத்தில் உள்ள ஒரு பள்ளத்தில் எந்த மூலக்கூறு பொருந்துகிறதோ அதை மட்டும் மாற்றிவிட்டு வெளியே தள்ளுகிறது நொதி. அது தள்ளியது இன்னொன்றின் பள்ளத்துக்குப் பொருந்துகிறது. கூட்டுறவு என்று நாம் சொல்வது அவ்வளவுதான்.

குளுக்கோஸ் கருவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இன்னும் நீண்ட வரிசை ஒன்று காத்திருக்கிறது. பத்து நொதிகள், பத்துப் படிகள். செல்லுக்குள் சக்தியைச் சுமக்கும் மூலக்கூறான ஏடிபியில் கணக்குப் பார்த்தால், முதலில் 2 செலவு, முடிவில் 4 வரவு, நிகரம் 2. காற்று இருந்தால் அதற்கப்பாலும் வரிசை நீண்டு, ஒரு குளுக்கோஸுக்கு ஏறக்குறைய 30 ஏடிபி வரை தேறும். முளை நீள்வதும் வேர் விடுவதும் இந்த ஏடிபியைச் செலவழித்துத்தான். மனித உடம்பில் எந்த நேரத்திலும் இருக்கிற ஏடிபி நூறு கிராமுக்கு உள்ளேதான். ஆனால் செலவழிந்ததைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து ஒரு நாளில் ஏறக்குறைய நம் எடை அளவுக்குப் புழங்கிவிடுகிறோம்.

அந்த ஏடிபியை 1929இல் ஜெர்மனியில் லோமனும், அமெரிக்காவில் ஃபிஸ்கேவும் எல்லாப்ரகட சுப்பாராவும் தனித்தனியே கண்டார்கள். சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்து, சென்னையில் மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். கதர் உடுத்தியது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்காமல்போக, எம்.பி.பி.எஸ். கிடைக்க வேண்டியவருக்கு அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம் கொடுத்தனுப்பினார்கள். ஹார்வர்டில் அவர் முதலில் செய்தது, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறை ஒன்று. அந்த அளவுகோல் கையில் இருந்ததால்தான் தசைக்குள் பாஸ்பேட் எந்தெந்த வேஷத்தில் ஒளிந்திருக்கிறது என்று துழாவ முடிந்தது. ஏடிபி என்று பாடம் நடத்துகிற எத்தனை வகுப்பறைகளில் இந்தப் பெயர் சொல்லப்படுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

மூட்டைச் சூட்டுக்கு இப்போது கணக்கு கிடைக்கிறது. ஒரு குளுக்கோஸை முழுக்க எரித்தால் வரும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் அதற்குச் சற்று மேல், ஏடிபியில் பிடிபடும். மிச்சம் சூடாகப் போகும். நாற்றங்காலில் பரத்திய நெல்லுக்கு அந்தச் சூட்டைத் தள்ளிவிடத் தண்ணீரும் காற்றும் உண்டு. மூட்டையின் நடுவில் இருக்கிற நெல்லுக்குப் போக்கிடம் இல்லை. சூடு ஏற ஏற நொதிகள் வேகம் பிடிக்கும். வேகம் கூடக் கூட இன்னும் சூடு. ஒரு கட்டத்தில் மடிப்பு குலைந்து நொதிகளே கெட்டுப்போகும். அதற்கு முன்னால் மூட்டையைப் பிரித்துவிட வேண்டும்.

இனி, யார் சொல்லி நடக்கிறது என்ற கேள்வி.

என் காலத்துக் கல்லூரிப் பாடத்தில் இதற்குத் தயக்கமில்லாத விடை இருந்தது. ஒவ்வொரு வரிசையிலும் மிக மெதுவாக வேலை செய்யும் நொதி ஒன்று இருக்கும், அதுதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும் என்று எழுதினோம். குளுக்கோஸ் வரிசையில் மூன்றாம் படியில் உட்கார்ந்திருக்கும் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் அந்த எஜமானர். பரீட்சைக்கு இது போதுமானதாக இருந்தது.

எஜமானர் அவர்தான் என்றால், அவர் தொகையைக் கூட்டினால் ஓட்டம் கூட வேண்டும் அல்லவா? 1989இல் ஜெர்மனியில் ஷாஃப், ஹைனிஷ், சிம்மர்மன் ஆகியோர் ஈஸ்டில் இதைச் செய்து பார்த்தார்கள். அந்த வரிசையின் நொதிகளை ஒவ்வொன்றாகவும் ஜோடி சேர்த்தும் வழக்கத்தைவிடப் பல மடங்கு உற்பத்தி செய்ய வைத்தார்கள். ஈஸ்ட் காய்ச்சிய ஆல்கஹால் கூடவில்லை. சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் உருளைக்கிழங்கில் பாஸ்போஃப்ரக்டோகைனேஸை மட்டும் பத்து மடங்குக்கு மேல் ஏற்றினார்கள். கிழங்கின் சுவாசம் அசைந்துகொடுக்கவில்லை.

இந்த முடிவுகளை வியப்பில்லாமல் பார்த்திருக்கக்கூடியவர்கள் சிலர் இருந்தார்கள். எடின்பரோவில் ஹென்ரிக் காக்சரும் ஜிம் பர்ன்ஸும் 1973இலும், பெர்லினில் ஹைன்ரிஷும் ராப்போபோர்ட்டும் 1974இலும் ஒரே முடிவுக்குத் தனித்தனியாக வந்திருந்தார்கள். 'ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது எந்த நொதி?' என்று கேட்பதே பிசகு, ஒவ்வொரு நொதிக்கும் அதில் எவ்வளவு பங்கு என்றுதான் கேட்க வேண்டும் என்றார்கள். ஒரு நொதியை நூற்றுக்கு ஒன்று கூட்டினால் ஓட்டம் நூற்றுக்கு எவ்வளவு கூடுகிறதோ அது அதன் பங்கு. எல்லாப் பங்குகளையும் கூட்டினால் வருவது 1. ஒருவர் பங்கு ஏறினால் மற்றவர்கள் பங்கு இறங்க வேண்டும். பெரும்பாலான நொதிகளின் பங்கு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். யாருக்கும் முழு ஒன்று கிடைப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

கணக்காகச் சொன்னால் வறட்சியாக இருக்கும் இது, உத்திரமேரூர்க்காரருக்கு ஏரியைக் காட்டினால் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும். ஏரிக்கு வரத்துக்கால் உண்டு, மதகு உண்டு, மதகிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், கடைசியில் கடைமடைக் கழனியின் மடைவாய். கடைமடைக்குத் தண்ணீர் போதவில்லை என்று மதகை இரண்டு பங்காக அகலப்படுத்தினால் என்ன ஆகும்? வாய்க்கால் தூர்ந்திருந்தால் நடுவழியில் வழிந்து யார் கழனியிலோ நிற்கும். வாய்க்காலை மட்டும் வாரினால் மதகு கொடுக்கிற அளவுக்குத்தான் வரும். வரத்துக்கால் அடைந்துபோன வருஷத்தில் எதை வாரியும் பயனில்லை. நல்ல மழை வருஷத்தில் வரத்துக்காலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், மதகைப் பற்றித்தான் சண்டை. கட்டுப்பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். செல்லிலும் அப்படியே. காற்றுள்ளபோது ஒரு கணக்கு, காற்றில்லாதபோது ஒரு கணக்கு. ஈரலுக்கு ஒன்று, தசைக்கு ஒன்று.

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலைத் தேர்தல் நினைவுக்கு வந்துவிடும். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. முப்பது குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம். மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரின் பெயரை ஓலையில் எழுதக் கூடாது, கணக்குக் காட்டாதவரின் பெயரை எழுதவே கூடாது. செல்லைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்த ஊரில் 'செல்லும் ஒரு கிராம சபைதான்' என்று ஒரு போடு போட்டுக் கைதட்டல் வாங்கிவிடலாம். எனக்கு அது ஒட்டவில்லை. அந்தச் சபையில் உட்கார நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். கழனியில் இறங்கியவர் பெயர் குடத்துக்குள் போகவில்லை. அதைவிட முக்கியம், செல்லுக்குள் கூட்டமும் இல்லை, தீர்மானமும் இல்லை, தகுதி பார்ப்பதும் இல்லை. ஊரின் பெருமை ஊருக்கு இருக்கட்டும். அங்கே எனக்கு உதவுவது ஏரிதான். அதற்கு வயிரமேகத் தடாகம் என்று பெயர், சபைக் கல்வெட்டுகளுக்கும் மூத்தது. தூர் வாரப் பொன் கொடுத்ததைப் பல்லவர் காலக் கல்வெட்டு சொல்கிறது.

ஆனால் ஏரி உவமையும் ஓரிடத்தில் முறியும், அதையும் சொல்லிவிட வேண்டும். கடைமடை நிரம்பிவிட்டது என்று மதகுக்குத் தானாகத் தெரியாது. நீர்க்கட்டி போய்த்தான் அடைக்க வேண்டும். செல்லில் கடைசிப் பொருளே நேராக முதல் நொதியிடம் வந்து ஒட்டிக்கொண்டு அதன் வடிவத்தைச் சற்றே மாற்றிவிடுகிறது. 1956இல் ஐசோலூசின் என்னும் அமினோ அமிலத்தில் அம்பார்கர் கண்டது இது. பொருள் போதுமான அளவு சேர்ந்தால் வரிசையின் வாசல் தானாகச் சாத்திக்கொள்ளும், தீர்ந்தால் திறந்துகொள்ளும். ஈஸ்டில் நொதியைக் கொட்டியும் பலிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வந்து குவிந்த நொதியைப் பொருட்களே அமுக்கி வைத்துவிட்டன.

காக்சரும் பர்ன்ஸும் 1981இல் இன்னொரு காரியமும் செய்தார்கள். மெண்டலின் பட்டாணியில் ஜோடி மரபணுவில் ஒன்று பழுதாக இருந்தும் செடி ஏன் குறையில்லாமல் இருக்கிறது என்ற பழைய புதிருக்கு இந்தக் கணக்கிலேயே விடை சொன்னார்கள். ஒரு நொதி பாதியாகக் குறைந்தாலும் அதன் பங்கு சின்னதாக இருப்பதால் ஓட்டம் அதிகம் குறைவதில்லை. பெற்றோரிடமிருந்து ஆளுக்கொரு பழுதை வாங்கிக்கொண்டு நம்மில் பலர் சௌக்கியமாக நடமாடுவது இதனால்தான்.

கூடி வேலை செய்கிறவர்கள் எப்போதும் கூடியே இருக்க வேண்டும் என்றும் இல்லை. ரைஸ்மில்லில் பச்சரிசிக்குத் தீட்டிய தவிட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக, இனிப்பு வாசனையோடு இருக்கும். நாலு நாள் கழித்து அதே தவிட்டில் காரல் வாடை. நெல் முழுசாக இருந்தவரை எண்ணெய் ஒரு அடுக்கிலும், அந்த எண்ணெயை உடைக்கும் லைப்பேஸ் நொதி வேறொரு அடுக்கிலும் இருந்தன. வருஷக்கணக்கில் அக்கம்பக்கத்தில் இருந்தும் சந்திக்கவில்லை. மில் இரண்டையும் ஒரே தூளாக்கியது, சில மணி நேரத்திலேயே எண்ணெய் கெடத் தொடங்கியது. புழுங்கல் நெல்லின் தவிடு அவ்வளவு சீக்கிரம் கெடாது, ஆவியில் லைப்பேஸ் செத்துவிட்டிருக்கும். இளம் சோளப்பயிரை மாடு மேய்ந்தால் ஆபத்து என்பதும் இதே கதைதான். இலையில் ஒரு பொருள் ஓர் அறையில், அதை உடைக்கும் நொதி வேறோர் இடத்தில். மாட்டின் பல் இரண்டையும் கலக்கும்போது சயனைடு பிறக்கும். அந்தப் பொருளைத் தயாரிக்கிற நொதிகளோ இடையில் வரும் விஷம் சோளத்தையே தாக்காதபடி நெருக்கி ஒட்டிக்கொண்டு கைக்குக் கை மாற்றிவிடுகின்றன. எங்கே ஒட்ட வேண்டும், எங்கே விலக வேண்டும் என்பதிலேயே பாதி வளர்சிதை மாற்றம் இருக்கிறது.

இனி நெல்லின் தனிச் சாமர்த்தியத்துக்கு வருகிறேன். காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம் புழுதியில் விதைக்கிற வழக்கம் உண்டு. காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். அளவாக மழை வந்தால் பயிர். விதைத்த கையோடு கொட்டித் தீர்த்துவிட்டால் விதை தண்ணீருக்கு அடியில் போய்விடும், காற்று கிடைக்காது. கோதுமையும் வாற்கோதுமையும் இந்த நிலையில் மாவுக்குப் பக்கத்திலேயே பட்டினி கிடந்து சாகும். காற்றில்லாவிட்டால் அவற்றுக்கு ஆல்ஃபா அமைலேஸ் உண்டாக்க வராது என்று 1990களில் இத்தாலியின் பீசாவில் பெராட்டா குழுவினர் காட்டினார்கள். நெல்லுக்கு வரும். அதுவும் வேறு வழியில். ஜிப்பரெல்லின் தயாரிக்கவே ஆக்ஸிஜன் வேண்டும் என்பதால் தண்ணீருக்கடியில் அந்தச் சேதி சரிவரப் போகாது. அங்கே பசியே சேதியாகிறது. கருவில் சர்க்கரை குறைந்துவிட்டது என்ற உணர்வு ஒரு தனி அமைலேஸை எழுப்பிவிடுகிறது. இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியைத் தைவானின் ஆய்வாளர்கள் 2009இல் அவிழ்த்தார்கள். கிடைத்த சர்க்கரையைப் பத்துப்படி வரிசையில் விட்டு, குளுக்கோஸுக்கு 2 ஏடிபி என்ற சொற்ப வருமானத்தில் ஆல்கஹால் காய்ச்சிக்கொண்டு, வேரைக்கூட ஒத்திப்போட்டுவிட்டு முளையை மட்டும் மேலே நீட்டுகிறது நெல். நீர்மட்டத்தைத் தொட்டுக் காற்று கிடைத்த பிறகுதான் வேருக்கு முறை.

எல்லா நெல்லும் இதைச் சமமாகச் செய்வதில்லை. மியான்மரின் காவ் ஹ்லான் ஆன் என்ற நாட்டு ரகம் தண்ணீருக்கடியில் முளைப்பதில் கெட்டிக்காரன். அதன் ரகசியத்தை 2015இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்டார்கள். மாவை உடைக்கும் நொதிகளில் எதுவும் அந்த ரகசியத்துக்குக் காரணமில்லை, பத்துப்படி வரிசையில் ஒன்றும் இல்லை. ட்ரெஹலோஸ் 6 பாஸ்பேட் என்ற மிகச் சொற்பமான ஒரு சர்க்கரையை அழிக்கும் நொதி அது. அந்தச் சர்க்கரை செல்லுக்குள் 'வயிறு நிறைந்திருக்கிறது' என்ற சேதியாகப் புழங்குவது. அதை அழித்துக்கொண்டே இருந்தால் முளைக்குப் பசி அடங்காது, மாவு கரைந்துகொண்டே இருக்கும், முளை நீண்டுகொண்டே போகும். நம் பக்கமும் விளைந்த ஐ.ஆர்.64 ரகத்தில் இந்த நொதிக்கான மரபணுவே இல்லை.

எஜமானர் இல்லை என்று இவ்வளவு நேரம் சொன்னதை இது பொய்யாக்கவில்லை, கொஞ்சம் திருத்துகிறது. பொருள் ஓடுகிற வரிசையில் யாரையாவது ஒருவரை ஊதிப் பெருக்கி ஓட்டத்தைப் பெரிதாகக் கூட்ட முடியாது. சேதி ஓடுகிற பாதையில் ஒரு சின்ன ஆள் கை வைத்தால் வரிசை முழுவதும் ஒன்றாக எழுந்து நடக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பாட்டிலில் அடைத்த ஒற்றை நொதியை விளைச்சலுக்கு என்று விவசாயியிடமும், உடம்பு மெலிய என்று பட்டணத்தாரிடமும் விற்கிறார்கள். தவிட்டுப் பிள்ளையாரைப் பன்னீரில் குளிப்பாட்டுகிற வேலை.

காவ் ஹ்லான் ஆன் போல ஒன்று நம் புழுதி நெல்களுக்குள்ளும் இருக்க நியாயம் உண்டு. பல தலைமுறையாக விதைத்த மறுநாள் பெய்கிற மழையில் தப்பியவை அவை. உங்கள் வீட்டுக் குதிரிலோ, பாட்டியின் பானையிலோ அப்படி ஒரு பழைய நெல் இருந்தால் நூறு மணியை எண்ணி எடுங்கள். அகலத் தட்டில் மண் போட்டு விதைத்து, அதன்மேல் நாலு அங்குலத் தண்ணீர் நிறுத்தி, மூன்று வாரம் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே கடையில் வாங்கிய ரகத்திலும் நூறு மணியை அதேபோல் போடுங்கள். தண்ணீருக்கு மேலே எத்தனை முளை தலைகாட்டியது என்று எண்ணி, நெல்லின் பெயரோடும் ஊரின் பெயரோடும் இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.